செலவு மிகுந்த நகரத்தில் வாழ்வூதியம்: கணக்கை எந்த வரிசையில் போடுவது?

ஒரு குடும்பம் ஒரு நகரத்தில் கௌரவமாக வாழ, வேலை செய்பவர் கைக்கு மாதம் எவ்வளவு வர வேண்டும்? இதற்கு ஒரு தொகையைப் பதிலாகச் சொல்வதுதான் வாழ்வூதியக் கணக்கு. சட்டம் வைக்கும் குறைந்தபட்ச ஊதியம் வேறு, இது வேறு. அது பேரத்திலும் அரசாணையிலும் பிறக்கிறது. இது தேவையிலிருந்து பிறக்க வேண்டும்.

சம்பளப் பேச்சுவார்த்தைகளுக்காக இந்தக் கணக்கைப் பல முறை போட்டிருக்கிறேன், புதிதாகப் போடுபவர்கள் பக்கத்திலும் உட்கார்ந்திருக்கிறேன். கூட்டல் பெருக்கலில் யாரும் தடுமாறுவதில்லை. வரிசையில்தான் தடுமாறுகிறார்கள். சாப்பாட்டுச் செலவு சுலபம் என்று அதில் தொடங்குவார்கள். வாடகைக்கு வரும்போது மனதில் ஏற்கெனவே ஒரு மொத்தத் தொகை உட்கார்ந்திருக்கும், அதற்குள் அடங்கும்படி வாடகையைக் குறைத்து எழுதிவிடுவார்கள். செலவு மிகுந்த நகரத்தில் இந்த ஒரு தவறு போதும், முழுக் கணக்கும் சாய்ந்துவிடும்.

நாடு எதுவானாலும் முறை ஒன்றுதான் என்பதால், எடுத்துக்காட்டுகளில் எந்த நாணயத்தையும் சொல்லாமல் வெறும் 'அலகு' என்றே எழுதுகிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நான்கு விஷயங்கள் தேவை. நகரத்தில் இப்போது காலியாக இருக்கும் வீடுகளின் வாடகை விவரம். அரசின் குடும்பச் செலவு ஆய்வும் தொழிலாளர் கணக்கெடுப்பும். வரி, சம்பளப் பிடித்தம் ஆகியவற்றின் விகிதங்கள். அப்புறம், அந்த ஊதியத்தில் வாழும் நான்கைந்து குடும்பங்களோடு பேச நேரம்.

கடைசியில் சொன்னதைத்தான் எல்லோரும் தவிர்க்கிறார்கள். அரசு அட்டவணையில் இல்லாத செலவுகள் அங்கேதான் தெரியவரும்.

கணக்கை எக்செல் தாளில் போடுகிறீர்கள் என்றால், தொகைக்குப் பக்கத்தில் இரண்டு பத்திகள் விடுங்கள்: எங்கிருந்து எடுத்தது, எந்தத் தேதியில் எடுத்தது. எதிர்த்தரப்பு முதலில் கேட்பது தொகையை அல்ல, அது வந்த இடத்தை.

2. எதைக் கணக்கிடுகிறோம் என்று ஒரு வரி எழுதுங்கள்

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2024-இல் ஏற்றுக்கொண்ட விளக்கம் இதற்கு உதவும். தொழிலாளரும் அவர் குடும்பமும் கண்ணியமான வாழ்க்கைத் தரத்தோடு வாழத் தேவையான ஊதியம், நாட்டின் சூழலைக் கருத்தில் கொண்டு, வழக்கமான வேலை நேரத்துக்குள் ஈட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

இதில் மூன்று சொற்கள் முக்கியம். 'குடும்பம்': தனி ஆளுக்கான கணக்கு இல்லை. 'கண்ணியம்': உயிர் பிழைப்பதற்கான கணக்கு இல்லை. 'வழக்கமான வேலை நேரம்': ஓவர்டைம் சேராது. தாளின் மேலேயே இதை எழுதி வையுங்கள். பாதி வழியில் ஏதாவது ஒரு செலவை வெட்டலாமா என்று சபலம் வரும்போது திரும்பிப் பார்க்க உதவும்.

இதோடு இன்னொரு வரியும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 'மக்கள் இப்போது செலவழிப்பதை அல்ல, செலவழிக்க வேண்டியதைக் கணக்கிடுகிறோம்.' ஒருமுறை ஒருவர் கொண்டுவந்த தாளில் மருத்துவத்துக்கு நேரே மிகச் சின்னத் தொகை இருந்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் பெரிதாக ஒன்றும் வருவதில்லை என்றார். அவர் போட்டிருந்த மூக்குக் கண்ணாடியின் ஒரு பக்கப் பிடி உடைந்து, கறுப்பு நூல் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. "கண்ணாடி மாற்றி எத்தனை வருஷம் ஆச்சு?" என்று கேட்டேன். "இது இன்னும் ஓடுதுங்க" என்றார். போதாத சம்பளத்தில் வாழ்பவரின் செலவு, அவர் விட்டுக்கொடுத்தவை போக மிஞ்சியதுதான். அதை அப்படியே எடுத்துக் கூட்டினால், இப்போது வாங்கும் சம்பளமே போதும் என்று கணக்கு சொல்லிவிடும்.

3. குடும்பத்தின் அளவை முடிவு செய்யுங்கள்

வீட்டின் அளவு, உணவின் அளவு எல்லாம் இதைச் சார்ந்தே இருப்பதால் இது முன்னால் வர வேண்டும். பெரும்பாலும் இரண்டு பெரியவர்கள், இரண்டு குழந்தைகள் என்று வரும். பிள்ளைப்பேறு விகிதத்தையும் சராசரிக் குடும்ப அளவையும் ஒப்பிட்டு உறுதி செய்துகொள்ளலாம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. செலவு மிகுந்த நகரங்களில் சராசரிக் குடும்ப அளவு சிறியதாகத் தெரியும். அங்குள்ளவர்கள் சிறிய குடும்பத்தை விரும்புகிறார்கள் என்பது மட்டும் இதற்குக் காரணம் இல்லை. மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு அறை பகிர்ந்து தங்குபவர்கள் அந்தப் புள்ளிவிவரத்தில் ஒருவர் குடும்பமாக, இருவர் குடும்பமாகப் பதிவாகிறார்கள். குடும்பத்தைக் கூட்டிவர முடியாத சம்பளம், குடும்பமே தேவையில்லை என்பதற்குச் சான்றாக மாறிவிடும். அதனால் தனியாள் வீடுகளையும் மிகப் பெரிய கூட்டுக் குடும்பங்களையும் ஒதுக்கிவிட்டுச் சராசரி பாருங்கள்.

குழந்தைகளின் வயதையும் இப்போதே எழுதிவிடுங்கள். ஒன்று பள்ளி போகும் வயது, இன்னொன்று போகாத வயது என்று வைத்தால் செலவு மிகுந்த கட்டம் கணக்குக்குள் வந்துவிடும்.

4. முதலில் வீடு, அப்புறம் வாடகை

'இந்த நகரத்தில் வாடகை எவ்வளவு?' என்று கேட்காதீர்கள். 'எப்படிப்பட்ட வீடு?' என்று கேளுங்கள். தரத்தை எழுதிவிட்டு விலையைத் தேடினால், மலிவானது கண்ணில் பட்டவுடன் தரத்தை இறக்க மனம் வராது.

ஐநாவின் வாழ்விட அமைப்பு, சேரி நிலையை அடையாளம் காண ஐந்து அளவுகோல்கள் வைத்திருக்கிறது: உறுதியான கட்டடம், போதிய இடம் (ஒரு அறைக்கு மூன்று பேருக்கு மேல் கூடாது), பாதுகாப்பான தண்ணீர், முறையான கழிப்பறை, திடீரென்று வெளியேற்றப்படாத உரிமை. இவை அடிமட்டம். இதற்கு மேல் காற்று, வெளிச்சம், தனிச் சமையலிடம், அந்த நாட்டு வீட்டு விதிகள் சொல்லும் பரப்பளவு ஆகியவற்றைச் சேர்த்து உங்கள் தரத்தை எழுதுங்கள்.

இனி வாடகை. புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். பத்து வருஷமாக ஒரே வீட்டில் இருப்பவரிடம் வாடகை கேட்டு எழுதுவார்கள். பழைய குடித்தனக்காரர் கொடுக்கும் வாடகையில் இன்று யாருக்கும் வீடு கிடைக்காது. வேலைக்குப் புதிதாக வருபவர், வீடு காலி செய்யச் சொல்லப்பட்டவர், குழந்தை பிறந்து பெரிய வீடு தேடுபவர் எல்லோரும் இன்றைய விலையில்தான் குடியேறுகிறார்கள். எனவே, கடந்த சில மாதங்களில் புதிதாகப் போட்ட ஒப்பந்தங்களின் வாடகையைச் சேகரியுங்கள்.

குறைந்தது முப்பது வீடுகளாவது வேண்டும். குறைந்ததிலிருந்து அதிகத்துக்கு அடுக்கி, 40-வது சதமானத்தில் வரும் வாடகையை எடுங்கள். முப்பது வீடுகள் என்றால் பன்னிரண்டாவது வீடு. அமெரிக்க அரசு வீட்டு உதவிக்காக நிர்ணயிக்கும் 'நியாய வாடகை'யும் பொதுவாக இந்த 40-வது சதமானத்தை ஒட்டியதுதான், அதனால் இதற்கு ஆதாரம் கேட்டால் காட்டலாம். சராசரி எடுத்தால் நான்கைந்து ஆடம்பர வீடுகள் தொகையை மேலே இழுத்துவிடும். ஆக மலிவானதை எடுத்தாலோ, அது ஒரே வீடு, தேடுபவர்கள் ஆயிரம் பேர்.

மின்சாரம், தண்ணீர், எரிபொருள், சிறு பழுது ஆகியவற்றை வீட்டுச் செலவிலேயே சேருங்கள். வீடு மாறும் செலவை மறக்காதீர்கள். திரும்பக் கிடைக்கும் முன்பணத்தைச் செலவாகக் காட்ட வேண்டாம். ஆனால் தரகர் கூலி, சாமான் ஏற்றும் வண்டிக் கூலி, வீட்டைத் துப்புரவாக்கும் செலவு திரும்பாது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற நேர்கிறது என்றால் மொத்தத்தை 24-ஆல் வகுத்து மாதச் செலவில் போடுங்கள்.

5. வாடகை, பயணம், குழந்தைப் பராமரிப்பு: மூன்றும் ஒரே முடிச்சு

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். பல வாழ்வூதிய முறைகளில் பயணமும் குழந்தைப் பராமரிப்பும் 'இதர செலவு' என்ற மூட்டைக்குள் போய்விடும். செலவு குறைந்த ஊருக்கு அது பரவாயில்லை. செலவு மிகுந்த நகரத்தில் வாடகையை மிச்சம் பிடிக்க ஆட்கள் தூரமாகப் போகிறார்கள். தூரம் கூடினால் பயணச் செலவு கூடும். வீடு திரும்பும் நேரமும் தள்ளிப்போகும், குழந்தை காப்பகத்தில் இருக்கும் மணிகளும் கூடும்.

ஒரு கணக்கு பாருங்கள். வேலைக்குப் பக்கத்தில் வாடகை 40 அலகு, பயணம் 9, காப்பகம் 14. மொத்தம் 63. நகர விளிம்பில் வாடகை 31, பயணம் 15, காப்பகம் 17. அதுவும் 63. வாடகையில் கண்ட மிச்சம் ஒன்பது அலகும் வழியிலேயே கரைந்துவிட்டது. தினமும் இரண்டு மணி நேரமும் சேர்ந்து போனது.

புதியவர்கள் என்ன செய்வார்கள்? விளிம்பிலிருந்து 31-ஐ எடுப்பார்கள், நகர மையத்திலிருந்து 9-ஐயும் 14-ஐயும் எடுப்பார்கள். 54 வரும். இப்படி ஒரு குடும்பம் எங்குமே வாழவில்லை. அதனால் தாளின் மேல் ஒரு குறிப்பிட்ட பகுதியின் பெயரை எழுதுங்கள். வாடகை, பயணம், காப்பகம் மூன்றும் அந்தப் பகுதியிலிருந்தே வர வேண்டும். இரண்டு மூன்று பகுதிகளுக்குத் தனித்தனியாகப் போட்டு, மொத்தத்தை மொத்தத்தோடு ஒப்பிடுங்கள்.

பயணச் செலவில் வேலைக்குப் போகும் பெரியவர்கள் எல்லோரும் வர வேண்டும். பள்ளி, மருத்துவமனை, சந்தை என்று போகும் பயணங்களும் வர வேண்டும். பொதுப் போக்குவரத்து ஓடாத நேரத்தில் ஷிப்ட் முடிகிறது என்றால், அந்த நேரத்துக்கு வேறு வண்டி பிடிக்கும் செலவையும் சேருங்கள். அது ஆடம்பரம் அல்ல, வீடு வந்து சேரும் செலவு.

6. உணவு

இதற்கு மேல் சொல்லப்போவது ஓரளவு நேரான வேலை. ஆளுக்கு ஆள் வயது, பாலினம், உழைப்பின் தன்மை பார்த்துக் கலோரித் தேவையைக் கணக்கிடுங்கள். அந்த நகர மக்கள் வழக்கமாக உண்பதை வைத்து ஒரு மாதிரி உணவுப் பட்டியல் போடுங்கள். உலக சுகாதார அமைப்பு ஒரு நாளைக்கு ஒருவருக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறி, பழம் சொல்கிறது. பட்டியலை அதோடு ஒப்பிடுங்கள். கலோரியை மட்டும் நிரப்பினால் மாவுச்சத்து மட்டுமே மிஞ்சும், பட்டியல் மலிவாகத் தெரியும், ஆட்கள் நோயாளி ஆவார்கள்.

விலையை, அந்தக் குடும்பங்கள் உண்மையில் வாங்கும் கடைகளில், அவர்கள் வாங்கும் அளவில் எடுங்கள். பெரிய மூட்டைக்கு விலை குறைவுதான். ஆனால் அதை வைக்க இடமும் வேண்டும், மொத்தமாகக் கொடுக்கக் காசும் வேண்டும். சிறிய பாக்கெட்டாக வாங்குபவர் கிலோவுக்கு அதிகம் கொடுக்கிறார். கெட்டுப்போவது, மசாலாச் சாமான்கள், கொஞ்சம் மாற்றிச் சமைப்பது ஆகியவற்றுக்குத் தனியாக ஒரு பங்கு சேருங்கள்.

சமையலிடம் இல்லாமல் அறையில் தங்கியிருப்பவர்கள் வெளியே சாப்பிடும் செலவு அதிகம். ஆனால் நான்காம் படியில் நாம் சமையலிடம் உள்ள வீட்டைத் தேர்ந்துவிட்டோம். இரண்டையும் சேர்த்துக் கணக்கில் ஏற்றக்கூடாது.

7. மீதிச் செலவுகள்

உடை, மருத்துவம், கல்வி, வீட்டுச் சாமான், போன், இணையம், உறவுமுறைக் கடமைகள், கொஞ்சம் பொழுதுபோக்கு. வாழ்வூதிய ஆய்வாளர்களான ரிச்சர்ட் ஆங்கரும் மார்த்தா ஆங்கரும் வகுத்த முறையில், இவற்றை ஒவ்வொன்றாகப் பட்டியலிடாமல், குடும்பச் செலவு ஆய்விலிருந்து உணவுச் செலவுக்கும் இதர செலவுக்கும் உள்ள விகிதத்தை எடுத்து மதிப்பிடுவார்கள். பிறகு மருத்துவத்துக்கும் கல்விக்கும் தேவையான தொகை அதில் இருக்கிறதா என்று தனியாகச் சரிபார்ப்பார்கள். நல்ல சுருக்குவழி இது.

ஆனால் நாடு முழுவதற்குமான விகிதத்தை எடுத்துச் செலவு மிகுந்த நகரத்தின் மேல் வைக்காதீர்கள். அந்த நகரத்துக்கென்றே தனி விகிதம் இருந்தால் எடுங்கள். பயணத்தையும் காப்பகத்தையும் நாம் ஏற்கெனவே ஐந்தாம் படியில் எழுதிவிட்டதால், அவற்றை விகிதத்திலிருந்து கழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் இரட்டிப்பாகும். எதிர்த்தரப்பு அதைக் கண்டுபிடித்தால் மற்ற வரிகளையும் நம்ப மாட்டார்கள்.

வருஷத்தில் ஒருமுறை வரும் செலவுகளை 12-ஆல் வகுத்து எழுதுங்கள்: பள்ளி தொடங்கும் மாதம், பண்டிகை, ஊருக்குப் போய்வருவது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாற்றும் போனுக்கு 36-ஆல் வகுங்கள். வாரச் செலவை மாதமாக்கும்போது நான்கால் பெருக்காதீர்கள். 52-ஆல் பெருக்கி 12-ஆல் வகுங்கள். நான்கால் பெருக்கினால் வருஷத்துக்கு நான்கு வாரம் அந்தக் குடும்பம் எதையும் வாங்காது என்று கணக்கு சொல்கிறது.

8. கூட்டுங்கள், எதிர்பாராத செலவுக்கு 5 சதவீதம் சேருங்கள்

நம் எடுத்துக்காட்டு: வாடகை 40, மின்சாரம் தண்ணீர் பழுது 6, பயணம் 9, காப்பகம் 14, உணவு 30, இதர செலவு 21. கூட்டினால் 120. திடீர் மருத்துவம், ஒரு மாத வேலையின்மை, ஊரில் ஒரு சாவு போன்றவற்றுக்காக 5 சதவீதம், அதாவது 6. மொத்தம் 126 அலகு.

சிலர் இந்த 5 சதவீதத்தைச் சேமிப்பு என்று பெயர் மாற்றி வெட்டிவிடுகிறார்கள். இது சேமிப்பு அல்ல. இது இல்லாவிட்டால் முதல் காய்ச்சலுக்கே கடன்.

9. எத்தனை பேர் சம்பாதிக்கிறார்கள்?

126 அலகையும் ஒருவரே ஈட்ட வேண்டும் என்று வைப்பதும் தவறு, இரண்டு பேர் முழு நேரம் ஈட்டுவார்கள் என்று வைப்பதும் தவறு. முதல் பெரியவரை 1 என்று வையுங்கள். இரண்டாமவருக்கு, வேலைச் சந்தையில் இருக்கும் வாய்ப்பு, வேலை கிடைத்திருக்கும் வாய்ப்பு, பகுதிநேர வேலையால் குறைவதைக் கழித்த அளவு ஆகியவற்றைப் பெருக்கிப் போடுங்கள்.

அந்த வயதினரில் வேலைப் பங்கேற்பு 80 சதவீதம், வேலையின்மை 5 சதவீதம், பகுதிநேர வேலை 20 சதவீதம் என்றால்: 0.80 × 0.95 × 0.90. பகுதிநேரத்தை அரை ஆளாக எண்ணுவதால் கடைசி எண் 0.90. விடை சுமார் 0.68. ஆக, குடும்பத்துக்கு 1.68 உழைப்பாளர்கள். 126-ஐ 1.68-ஆல் வகுத்தால் 75 அலகு. ஒவ்வொரு முழுநேரத் தொழிலாளியின் கைக்கும் வர வேண்டியது இது.

இங்கே மறுபடியும் ஐந்தாம் படிக்குத் திரும்பிப் பாருங்கள். இரண்டாமவரும் வேலைக்குப் போகிறார் என்று வகுத்துவிட்டு, காப்பகச் செலவை விட்டுவிட்டால் என்ன ஆகும்? 106-க்கு 5 சதவீதம் சேர்த்து 111.3, அதை 1.68-ஆல் வகுத்தால் 66.25. ஒரே ஒரு வரியை விட்டதில் ஒவ்வொருவர் சம்பளத்திலும் 8.75 அலகு காணாமல் போகிறது. பாட்டி பார்த்துக்கொள்வார் என்று சொல்பவர்கள் உண்டு. பாட்டி இந்த நகரத்தில் அந்தக் குடும்பத்தோடு இருக்கிறார் என்றால், நான்கு பேர் குடும்பம் ஐந்து பேர் குடும்பம் ஆகிறது. அவருடைய உணவையும் மருந்தையும் படுக்க இடத்தையும் சேர்த்துவிட்டுக் காப்பகத்தை எடுங்கள்.

10. பிடித்தம்: பெருக்காதீர்கள், வகுங்கள்

75 என்பது கைக்கு வர வேண்டியது. வரி, ஓய்வூதிய நிதி, காப்பீடு என்று சம்பளத்தில் 20 சதவீதம் பிடிக்கிறார்கள் என்று வைப்போம். பலர் 75-இல் 20 சதவீதத்தைக் கூட்டி 90 என்று எழுதுவார்கள். ஆனால் பிடித்தம் மொத்தச் சம்பளத்தின் மேல் விழுகிறது. 90-இல் 20 சதவீதம் 18 போனால் கையில் 72தான் இருக்கும். சரியான வழி: 75-ஐ 0.80-ஆல் வகுக்க வேண்டும். 93.75. இதுதான் வாழ்வூதியம்.

வரி படிப்படியாக உயரும் நாடுகளில் ஒரே வகுத்தலில் விடை வராது. ஒரு தொகையை ஊகித்து, வரி போட்டுப் பார்த்து, கையில் 75 வரும்வரை திருத்துங்கள்.

மணிக்கூலி வேண்டுமென்றால் வாரத்தின் சட்டப்படியான வேலை மணிகளை 52-ஆல் பெருக்கி 12-ஆல் வகுங்கள். 48 மணி வாரத்துக்கு மாதம் 208 மணி, 40 மணி வாரத்துக்குச் சுமார் 173. சம்பளத்தோடு கூடிய விடுமுறை இல்லாத வேலை என்றால், உண்மையில் கூலி கிடைக்கும் மணிகளால் வகுக்க வேண்டும். தினக்கூலிக்காரர்கள் கணக்கில் இது பெரிய வித்தியாசம்.

11. இப்போது வாங்கும் சம்பளத்தோடு ஒப்பிடும்போது

93.75-க்கு எதிரே எதை வைப்பது? அடிப்படைச் சம்பளம், மாதா மாதம் உறுதியாக வரும் படிகள், எல்லோருக்கும் உறுதியான போனஸில் பன்னிரண்டில் ஒரு பங்கு. ஓவர்டைம் வராது. இலக்கை எட்டினால் மட்டும் கிடைக்கும் ஊக்கத்தொகையும் வராது. நிறுவனம் சாப்பாடோ தங்குமிடமோ தந்தால், அது நம் தாளில் உள்ள எந்தச் செலவைக் குறைக்கிறது என்று பாருங்கள். தனி ஆளுக்கான படுக்கை, குடும்பத்தின் 40 அலகு வாடகையைக் குறைப்பதில்லை.

12. தாளைக் குடும்பங்களிடம் கொண்டுபோங்கள்

முடித்தவுடன் வெளியிடாதீர்கள். தொடக்கத்தில் பேசிய அதே நான்கைந்து குடும்பங்களிடம் தாளைக் காட்டுங்கள். வீட்டுச் செலவைக் கையாள்பவரிடம் கேளுங்கள், சம்பளம் வாங்குபவரிடம் மட்டும் கேட்காதீர்கள். 'இது அதிகமா, குறைவா?' என்று கேட்டால் மரியாதைக்காகச் சரி என்பார்கள். 'இந்தத் தொகையில் இந்த மாதம் எது நின்றுபோகும்?' என்று கேளுங்கள். அப்போது பதில் வரும்.

வருஷத்துக்கு ஒருமுறை தொகையைப் புதுப்பிக்க வேண்டும். பொதுவாக நுகர்வோர் விலைக் குறியீட்டால் உயர்த்துவார்கள். உணவுக்கும் இதர செலவுக்கும் அது போதும். வாடகைக்கு மட்டும் போதாது, ஏனென்றால் அந்தக் குறியீட்டில் பழைய குடித்தனக்காரர்களின் வாடகையும் கலந்திருக்கும். ஒவ்வொரு வருஷமும் அதே பகுதியில் புதிதாக முப்பது வீடுகளின் வாடகையைச் சேகரித்து, மறுபடியும் பன்னிரண்டாவது வீட்டை எடுங்கள். பயணச் சீட்டின் விலையையும் காப்பகக் கட்டணத்தையும் அதே வாரத்தில் விசாரித்து எழுதுங்கள்.